சண்முகவடிவைப் பார்க்க வந்த நாடுகள்

சண்முகவடிவைப் பார்க்க முதலில் வந்தது நார்வே. வைகாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை, மதியம் மூன்றரை மணி, கோவில்பட்டி கிணற்றுத் தெருவில் சாப்பிட்டுப் படுத்தவர்கள் இன்னும் எழுந்திருக்கவில்லை. மாவு மில்லில் தொடங்கி சண்முகவடிவு வீட்டு இரும்புக் கேட் வரைக்கும் இருந்த தெருவும், தெருவில் இருந்த இரண்டு மின்கம்பங்களும், ஒரு குப்பைத்தொட்டியும், சைக்கிள் கடையின் தகரப் பந்தலும் மரியாதையாக ஒதுங்கிக்கொள்ள, அந்த இடத்தில் கரும்பச்சையாக ஆழமான தண்ணீரும், தண்ணீருக்கு இருபுறமும் செங்குத்தான மலையும், மலையடியில் சிவப்புப் பெயின்ட் அடித்த ஒரு மர வீடும் வந்து நின்றன. கூட ஆள் யாரும் வரவில்லை, நாடு மட்டும்தான் வந்திருந்தது. வந்து, கேட்டுக்கு வெளியே கொஞ்சம் கூச்சத்தோடு நின்றது.

நார்வே என்று அடையாளம் சொன்னவள் எதிர்வீட்டு டெய்லர் பிரகாசி. அவள் தம்பி கப்பலில் போனவன், போட்டோ அனுப்பியிருந்தான். அதற்குள் தெருப் பெண்கள் பன்னிரண்டு நாளாகக் குழாயில் தண்ணீர் வராத கோபத்தில் ஆளுக்கு இரண்டு குடத்தோடு ஓடி வந்துவிட்டார்கள். மாவு மில் சுடலைமுத்து அண்ணாச்சி ஒரு கை அள்ளி வாயில் வைத்துப் பார்த்துவிட்டுத் துப்பினார்.

“உப்பு. இவ்வளவு தூரம் வந்ததுதான் வந்துச்சு, நல்ல தண்ணியாக் கொண்டாந்துருக்கக் கூடாதா?”

குடங்கள் திரும்பிப் போயின. நார்வே எதற்காக வந்திருக்கிறது என்ற கேள்வி மட்டும் நின்றது. அதற்கு முந்தின வியாழக்கிழமைதான் தபால்காரர் சண்முகவடிவின் பாஸ்போர்ட்டைக் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுத்துவிட்டுப் போயிருந்தார். தெரு இந்த இரண்டையும் சேர்த்துக் கணக்குப் போட ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

சண்முகவடிவுக்கு வயது நாற்பத்தேழு. அண்ணன் ஆவுடையப்பன் வீட்டு மாடியில் ஒற்றை அறை. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் உள்ள கண் ஆஸ்பத்திரியில் இருபத்து நான்கு வருஷமாகப் பார்வை சோதிக்கும் வேலை. இருட்டறையில் ஆட்களை உட்காரவைத்து, கனத்த வெறும் பிரேம் ஒன்றை மூக்கில் மாட்டி, ஒரு கண்ணாடியைப் போட்டு எடுத்து இன்னொன்றைப் போட்டு, “இது தெளிவா இருக்கா, முந்தினது தெளிவா இருந்துச்சா?” என்று கேட்பாள். ஒரு நாளைக்கு நாற்பது பேரிடம் கேட்பாள். அவர்கள் யோசிப்பார்கள், மாற்றிச் சொல்வார்கள், மறுபடி பழையதைப் போடச் சொல்வார்கள், அவளும் அலுக்காமல் போடுவாள். சித்திரை மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை ஒரு பெரியவர் இரண்டு கண்ணாடிக்கு நடுவில் கால் மணி நேரம் எடுத்துக்கொண்டார். அவருக்காகக் காத்து நின்றபோதுதான், பிறந்ததிலிருந்து தன்னிடம் எவரும் இதா அதா என்று கேட்டதே இல்லை என்பது சண்முகவடிவின் மண்டையில் உறைத்தது. அன்று சாயங்காலமே பாஸ்போர்ட்டுக்கு மனுப் போட்டாள். தனியாக, பத்து நாள், தனக்குப் பிடித்த ஏதாவது ஒரு வெளிநாடு. டாக்டரிடம் செப்டம்பரில் லீவும் சொல்லிவிட்டாள். எந்த நாடு என்பதுதான் தெரியவில்லை. அதைத் தெரிந்துகொள்வதில்தான் பாதி சந்தோஷம் என்று நினைத்து, அந்தச் சந்தோஷத்தை ஒரு மிட்டாயைப்போல வாயில் ஒதுக்கி வைத்திருந்தாள். அதற்குள் நார்வே வந்துவிட்டது.

இந்த இடத்தில் வேறு ஊராக இருந்தால் போலீசுக்குச் சொல்லியிருப்பார்கள், டிவிக்காரர்களைக் கூப்பிட்டிருப்பார்கள். கிணற்றுத் தெருவுக்கு, ஒரு பெண்ணின் வீட்டு வாசலில் ஞாயிற்றுக்கிழமை மூன்றரை மணிக்கு ஒன்று வந்து கூச்சத்தோடு நின்றால் என்ன செய்யவேண்டும் என்று ஒரே ஒரு வழிதான் தெரியும். ஆவுடையப்பன் மோட்டார் ரிவைண்டிங் கடை கிரீஸ் படிந்த கையைக் கழுவிவிட்டு வெள்ளை வேட்டி கட்டினார். மதினி கோமு ரவையை வறுத்தாள், வாழைக்காயைச் சீவினாள். பிரகாசி மாடியேறிப் போய்ச் சண்முகவடிவுக்குப் பச்சைப் பட்டுச்சேலையைச் சுற்றிவிட்டு, தலையில் நாலு முழம் பிச்சிப்பூவை வைத்து, கையில் தட்டைக் கொடுத்துக் கீழே அனுப்பினாள்.

சண்முகவடிவுக்கு இந்த நடை பழக்கம்தான். இருபத்திரண்டு வயதிலிருந்து முப்பத்து நான்கு வரைக்கும் பதினேழு தடவை இதே படிகளில், இதே கேசரியும் பஜ்ஜியுமாக இறங்கி வந்திருக்கிறாள். பதினேழு வீட்டாரும் சாப்பிட்டுவிட்டு, ஊருக்குப் போய்க் கடிதம் போடுகிறோம் என்று எழுந்து போனார்கள். உயரம் பத்தவில்லை என்றும், நட்சத்திரம் சரியில்லை என்றும், பல் தெரியச் சிரிக்கவில்லை என்றும், ஒரு வீட்டில் பல் தெரியச் சிரித்துவிட்டாள் என்றும் பிற்பாடு யார் மூலமாகவோ தகவல் வரும். வந்தவர்களில் நாலைந்து பேரை அவளுக்கே கண்டால் ஆகவில்லை. அதைச் சொல்ல ஒரு சந்தர்ப்பம் வாய்க்கவேயில்லை.

தட்டைத் தண்ணீரோரத்தில் வைத்துவிட்டு நின்றாள். ஆவுடையப்பன் தொண்டையைச் செருமிக்கொண்டு மலையைப் பார்த்து விசாரித்தார்.

“உங்க பக்கம் சைவச் சாப்பாடு கெடைக்குமா? தனியா வார பொம்பளைப் பிள்ளைக்குப் பயமில்லாம இருக்குமா? குளிரு எம்புட்டு இருக்கும்?”

கடைசிக் கேள்விக்கு மட்டும் மலை மேலிருந்து ஒரு காற்று இறங்கி வந்து பதில் சொன்னது. சுடலைமுத்து அண்ணாச்சிக்குப் பல் கிட்டியது. ஒரு கடல்பறவை பஜ்ஜியில் ஒன்றைக் கொத்திக்கொண்டு போனது, அதை நல்ல சகுனம் என்று எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். நாலரைக்கு ராகுகாலம். நாலே காலுக்கு நார்வே எழுந்து போய்விட்டது. தெரு பழையபடி வந்து படுத்துக்கொண்டது.

மறுநாள் வேலைக்குக் கிளம்பும்போது தபால்காரர் வரும் பாதையைத் தன் கண் தானாகத் தேடுவதைச் சண்முகவடிவு கவனித்தாள். நார்வேக்குத் தன்னைப் பிடித்ததோ என்னவோ என்று யோசித்துக்கொண்டே பாதித் தெரு நடந்துவிட்டாள். நாற்பத்தேழு வயதில் இப்படியும் ஒரு வெட்கக்கேடா என்று அவளுக்கு அழுகையே வந்தது.

அதற்குப் பிறகு வாராவாரம் வந்தார்கள். சுவிட்சர்லாந்து வந்தது. காலண்டரில் பார்த்துப் பார்த்துச் சலித்த முகம் என்றாலும் நேரில் அழகுதான் என்று தெரு ஒப்புக்கொண்டது. பெண்கள் அதன் பனியைக் குடம் குடமாக அள்ளி வைத்துக்கொண்டார்கள், இரண்டு நாள் சமையலுக்கு ஆயிற்று. எகிப்து வந்தது. மாவு மில்லுக்கு முன்னால் மலைபோல் குவிந்த மணலை விரலிடுக்கில் தேய்த்துப் பார்த்த சுடலைமுத்து அண்ணாச்சி, இது கட்டடத்துக்கு ஆகாது என்று சொல்லிவிட்டார். ஜப்பான் சரியாக மூன்றரைக்கு வந்து, சரியாக நாலேகாலுக்குப் போனது. போகும்போது உதிர்ந்த பூவிதழ் ஒன்றைக்கூட விட்டுவிட்டுப் போகவில்லை. பிரான்ஸ் வந்து முக்கால் மணி நேரமும் தன் ஆற்றில் தன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. ஆட்டோக்காரர்கள் பின்தெரு வழியாகச் சுற்றிப் போகப் பழகிக்கொண்டார்கள். சவாரி ஏறுகிறவர்கள், “இன்னைக்கு என்ன நாடு?” என்று கேட்டுக்கொண்டே ஏறினார்கள்.

ஒவ்வொரு நாட்டைப் பற்றியும் தெருவுக்குச் சொல்ல ஏதாவது இருந்தது. ஒன்றில் நண்டு நாற்றம், ஒன்றில் ஆள் நடமாட்டமே இல்லை, ஒன்றுக்கு ரொம்பத்தான் மண்டைக்கனம். பிரகாசி ஜெருசலேம் பக்கமாகப் பேசினாள், அவளுக்கு ஜெபமாலை ஒன்று வேண்டியிருந்தது. சைக்கிள் கடைக்காரர் சீனா பக்கம். கோமு மதினி எந்தப் பக்கமும் பேசாமல் வாழைக்காய் சீவினாள். சண்முகவடிவைக் கேட்கவேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. அவள் தட்டை வைத்துவிட்டு நிற்பாள். நார்வேயின் தண்ணீரில் காலை நனைக்கவேண்டும் என்றும், எகிப்தின் மணலில் ஏறி மறுபக்கம் என்ன என்று எட்டிப் பார்க்கவேண்டும் என்றும் ஆசையாக இருக்கும். பட்டுச்சேலை நனையக்கூடாது என்று பிரகாசி பின்னாலிருந்து முந்தானையைப் பிடித்துக்கொண்டிருப்பாள்.

ஐந்து வாரம் இப்படிப் போயிற்று. ஆறாவது வாரம் சிங்கப்பூர் வந்தது.

சிங்கப்பூர் வருகிறது என்பது எப்படியோ முன்கூட்டியே தெரிந்து, தெரு காலையிலேயே கூட்டித் தெளிக்கப்பட்டிருந்தது. வந்தபோது எல்லோரும் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் பக்கத்தில் போனார்கள். நிழல் மரங்களும், மரத்தடியில் ஒரு பெஞ்சும், ஒரு சிக்னலும், சுத்தமான நடைபாதையும், தூரத்தில் ஒரு கோவில் கோபுரமும்கூடத் தெரிந்தன. ஆவுடையப்பனுக்குக் கண் கலங்கிவிட்டது. அவர் கெட்டவர் இல்லை. அப்பா போனபிறகு பதினேழு தடவையும் ஊர் ஊராக அலைந்து ஜாதகம் கொடுத்து, பதினேழு தடவையும் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு திரும்பியவர் அவர்தான். தங்கைக்கு ஒன்றுகூட அமைத்துக் கொடுக்க முடியவில்லையே என்பது அவருக்கு முள்ளாகவே தங்கிப்போயிருந்தது. இப்போது தமிழ் பேசுகிற, இட்லி கிடைக்கிற, பொம்பளைகள் பயமில்லாமல் நடமாடுகிற, குறை சொல்ல வழியே இல்லாத ஒரு நாடு வாசலில் வந்து நிற்கும்போது அவர் கை சும்மா இருக்குமா? தங்கையைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் உள்ளே போய், வெற்றிலை பாக்கு, தேங்காய், பழம், மஞ்சள் எல்லாம் வைத்த தாம்பாளத்தைக் கொண்டுவந்து அந்தப் பெஞ்சின் மேல் வைத்தார். மரத்தடியிலிருந்து ஒரு ஊதா ஆர்க்கிட் பூ அந்தத் தட்டில் விழுந்தது.

“தட்டு மாத்தியாச்சு!” என்றார் சுடலைமுத்து அண்ணாச்சி. தெரு குலவை போட்டது.

சண்முகவடிவு கையில் கேசரித் தட்டோடு வாசற்படியில் நின்றிருந்தாள். தட்டைக் கீழே வைக்காமலே உள்ளே போய்விட்டாள்.

அடுத்த ஞாயிறு எந்த நாடும் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறு கனடா மாவு மில் வரைக்கும் வந்து, வாசலில் கட்டியிருந்த மாவிலைத் தோரணத்தைப் பார்த்துவிட்டு, சத்தமில்லாமல் அப்படியே திரும்பிப் போனது. நிச்சயமான வீட்டில் வேறு யார் வந்து உட்காருவார்கள்? முறை தெரிந்த நாடு என்று கனடாவைத் தெரு பாராட்டியது. சண்முகவடிவு அன்று மாடி ஜன்னலில் இருந்து, திரும்பிப் போகிற அந்தச் சிவந்த காட்டைக் கடைசி மரம் மறைகிறவரை பார்த்தாள். பெரிய படப் புத்தகத்தை முழுக்கப் பார்க்கும் முன்னால் யாரோ பிடுங்கிக்கொண்டு போனதுபோல இருந்தது. சிங்கப்பூர் மேல் அவளுக்கு ஒரு வருத்தமும் இல்லை. ஆனால் இந்த ஒரே ஒரு காரியத்திலும் தன் வாய் திறக்காமலே முடிந்துவிட்டதென்றால், மிச்சமிருக்கிற காலத்துக்குத் தான் எதற்காக மூச்சுவிட்டுக்கொண்டிருக்கவேண்டும் என்று தோன்றியது.

மூன்றாவது ஞாயிறு சிங்கப்பூர், சம்பந்தம் பேசி முடித்த உரிமையோடு, நலம் விசாரிக்க வந்தது. பிரகாசி பச்சைப் பட்டோடு படியேறினாள். சண்முகவடிவு அவளைத் தாண்டிக்கொண்டு, போட்டிருந்த நைட்டியின் மேல் ஒரு துண்டை மட்டும் போட்டபடி, கீழே இறங்கி, நிச்சயத்தன்று அண்ணன் உள்ளே கொண்டுபோய் வைத்திருந்த தாம்பாளத்தை எடுத்தாள். தேங்காயும் மஞ்சளும் அப்படியே இருந்தன, வெற்றிலை சருகாகியிருந்தது, பழத்தை மதினி எப்போதோ எடுத்துவிட்டிருந்தாள். அவள் தெருவில் இறங்கி, முதல் தடவையாக எல்லையைத் தாண்டி, அந்த நடைபாதையில் செருப்பில்லாமல் நடந்துபோய்ப் பெஞ்சில் தட்டை வைத்தாள்.

“உங்க மேல ஒரு கொறையும் சொல்ல முடியாது. எங்க அண்ணன் அவசரத்துல என்னயக் கேக்காமப் பேசிட்டாக. நீங்க மனசுல ஒண்ணும் வச்சுக்கிடாதீக.”

சிங்கப்பூர் கொஞ்ச நேரம் யோசித்தது. சிக்னலில் சிவப்பு மனிதன் நின்றான், பிறகு பச்சை மனிதன் நடந்தான். தன் பக்கத்தில் மட்டும் ஒரு சின்ன மழை பெய்தது. பிறகு தாம்பாளத்தை மட்டும் தெருவில் விட்டுவிட்டு, எந்தச் சலசலப்பும் இல்லாமல், பத்து நிமிடம் முன்னதாகவே கிளம்பிப் போனது.

தெரு முழுக்க ஒரே பேச்சாக இருந்தது. நிச்சயம் பண்ணி முறித்த வீட்டுக்கு இனி எந்த நாடு வரும்? அதுவும் நைட்டியோடு போய் நின்றிருக்கிறாள். ஆவுடையப்பன் ஒன்பது நாள் தங்கையிடம் பேசவில்லை. பத்தாம் நாள் துணி காயப்போட மாடிக்கு வந்த கோமு மதினி, வாளியைக் கீழே வைத்துவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள்: “நல்ல காரியம் பண்ணுன, வடிவு. நான் சொன்னேன்னு ஒங்க அண்ணங்கிட்டச் சொல்லிராத.”

தெரு சொன்னபடியேதான் நடந்தது. நாடு எதுவும் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை மூன்றரை மணிக்குத் தெருப் பெண்கள் வாசலில் சும்மா வந்து நின்று பார்த்துவிட்டு, அந்த இடத்தில் மிளகாய் வற்றலைக் காயப்போட்டுவிட்டுப் போனார்கள். வாராவாரம் எங்கேயாவது போய்விட்டு வந்ததுபோல இருந்தது, அதையும் கெடுத்துவிட்டாள் என்று சைக்கிள் கடைக்காரர் வருத்தப்பட்டார். செப்டம்பருக்கு மூன்று வாரம்தான் இருந்தது. சண்முகவடிவு புத்தகக்கடையில் ஒரு அட்லஸ் வாங்கி வந்தாள். ஆஸ்பத்திரியில் மதிய இடைவேளையில், நோயாளிகள் உட்காரும் நாற்காலியில் தானே உட்கார்ந்து, வந்து போன நாடுகளை எல்லாம் பென்சிலால் அடித்தாள். பிறகு, யாராவது சொந்தக்காரர் இருக்கிற நாடு, யாராவது போய்விட்டு வந்து போட்டோ காட்டிய நாடு, தெருவில் யாருக்காவது அபிப்பிராயம் இருக்கிற நாடு எல்லாவற்றையும் அடித்தாள். மிச்சமிருந்தவற்றை மூன்று நாள் பார்த்தாள். இதைப் பார்த்தாள், அதைப் பார்த்தாள், மறுபடி முந்தினதைப் பார்த்தாள். அலுக்கவில்லை.

நாலாம் நாள் ராத்திரிச் சாப்பாட்டில் சொன்னாள்.

“கிர்கிஸ்தான் போறேன்.”

ஆவுடையப்பன் தோசையைப் பிய்த்த கையோடு நிமிர்ந்தார். “அது எப்ப வந்துச்சு?”

“வரல.”

“வரவே இல்லையா? பின்ன எப்படிட்டி? கூப்புடாத எடத்துக்கு நாமளாப் போய் நின்னா அது நம்மள என்ன நெனைக்கும்?”

“என்னமும் நெனைச்சுக்கிடட்டும்.”

“அங்க டாக்டருக்குப் படிக்கத்தான போவாக. அங்க என்ன இருக்கு?”

“தெரியாது. அதான் போறேன்.”

தெருவும் யோசித்துப் பார்த்தது. அதைப் பற்றிச் சொல்ல ஒருவரிடமும் ஒன்றும் இல்லை. வரன் இவளைத் தேடி வராமல் இவள் வரனைத் தேடிப் போவது இது வரைக்கும் கேள்விப்படாத காரியமாக இருந்ததால், அதை எப்படித் திட்டுவது என்றுகூடத் தெரியவில்லை. கடைசியில் பிரகாசி ஒரு ஸ்வெட்டரின் கையை அளவாக மடித்துத் தைத்துக் கொடுத்தாள். சுடலைமுத்து அண்ணாச்சி இரண்டு கிலோ சத்துமாவு அரைத்துக் கொடுத்தார். ஆவுடையப்பன் மதுரை ஏர்போர்ட் வரைக்கும் வந்தார். உள்ளே போகும்போது பெட்டியை அவள் கையில் கொடுக்க மனமில்லாமல் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டே நின்றார்.

கிர்கிஸ்தான் அவளை எதிர்பார்க்கவில்லை. அது பார்த்தவுடனே தெரிந்தது. விமான நிலையத்திலிருந்து வேனில் நாலைந்து மணி நேரம் போய் ஏரிக்கரையில் ஒரு சிறிய ஊரில் அவள் இறங்கியபோது, நாடு போட்டது போட்டபடி கிடந்தது. வேலிமேல் கம்பளமும் குழந்தைத் துணியும் காய்ந்தன. பஸ் நிறுத்தத்துக்குப் பாதி வரைதான் பெயின்ட் அடித்திருந்தது. நடுரோட்டில் ஒரு கழுதை நின்றுகொண்டு நகரமாட்டேன் என்றது. முன்னறிவிப்பில்லாமல் விருந்தாளி வந்துவிட்ட வீட்டுக்காரியைப்போல மலைகள் அவசர அவசரமாக ஒரு மேகத்தை இழுத்துத் தோளில் போட்டுக்கொண்டன. ஏரி தன் அலைகளை நீவிச் சரிசெய்யப் பார்த்தது. சண்முகவடிவுக்குச் சிரிப்பு வந்தது, பல் தெரியவே சிரித்தாள். “இருக்கட்டும், இருக்கட்டும், ஒண்ணும் செய்யவேண்டாம்,” என்று தமிழிலேயே சொன்னாள். பிறகு சேலையை முழங்கால் வரைக்கும் தூக்கிச் செருகிக்கொண்டு ஏரியில் இறங்கி நின்றாள். குளிர் எலும்பு வரை ஏறியது. முந்தானையைப் பிடிக்க யாரும் இல்லை.

தங்கியிருந்த வீட்டுக்காரப் பெண் ஐனுரா, கருப்பட்டி நிறத்தில் டீயும், ரொட்டியும், ஆப்ரிகாட் பழ ஜாமும் கொடுத்தாள். அவள் பேச்சு இவளுக்குப் புரியவில்லை, இவள் பேச்சு அவளுக்குப் புரியவில்லை, இருவரும் நிறையப் பேசினார்கள். முதல் ஐந்து நாளும் சண்முகவடிவு நாட்டைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தாள். மலைக்கு எவ்வளவு உயரம் என்று பார்த்தாள், புல் எப்படி முளைக்கிறது என்று பார்த்தாள், அதன் குதிரைகளின் பல்லைக்கூடப் பார்த்தாள். யாரும் அவளை அவசரப்படுத்தவில்லை. போகிற பக்கமெல்லாம் மலைகள் ஓரக்கண்ணால் அவளையே பார்த்துக்கொண்டு கூட வந்தன, கேட்கத்தான் அவற்றுக்குத் தைரியம் வரவில்லை.

ஆறாம் நாள் மதியம் ஏரிக்கரையில் ஒரு பலகையில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. ஆவுடையப்பன்.

“சாப்ட்டியாட்டி?”

“சாப்ட்டேன்ணே.”

“குளிருதா?”

“குளிருது. நல்லாருக்கு.”

அந்தப் பக்கம் ரிவைண்டிங் கடையில் ஏதோ மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. அவர் எழுந்துபோய் அதை நிறுத்தியது கேட்டது. அறுபது வயது வரைக்கும் ஒரு தடவைகூட வாயில் வராத ஒரு வார்த்தையை அவர் எங்கிருந்தோ தோண்டி எடுத்துக்கொண்டிருந்தார்.

“வடிவு... ஒனக்குப் புடிச்சிருக்கா?”

அது ஏரிக்கும் கேட்டுவிட்டது. கரைக்கு வந்துகொண்டிருந்த அலை பாதியில் நின்றது. புல்வெளியில் காற்று நின்றது, மேய்ந்துகொண்டிருந்த குதிரைகள் வாயில் புல்லோடு தலையைத் தூக்கின, மலைகள் தோளில் கிடந்த மேகத்தை விலக்கிவிட்டு உச்சி வரைக்கும் தெரிய நிமிர்ந்து நின்றன. கிர்கிஸ்தான் முழுவதும் மூச்சைப் பிடித்துக்கொண்டு அவள் வாயையே பார்த்தது.

சண்முகவடிவு போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு, நிதானமாக இன்னொரு வாய் டீ குடித்தாள்.